சிகாகோ – பேட்லாண்ட்ஸ் – எல்லோஸ்டோன்: காரில் 12 நாள், திட்டம் சரியா?

தென்றல்84:
வணக்கம். சிகாகோ புறநகரிலிருந்து ஐ-90 நெடுஞ்சாலை பிடித்து எல்லோஸ்டோன் போய்வர எண்ணம். மினிவேன், மேலே ரூஃப் பாக்ஸ். நாங்கள் இருவர், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா (இருவருக்கும் 65க்கு மேல்), 7 வயதுப் பையன். சைவச் சாப்பாடு.

உத்தேசம்: ஆகஸ்ட் 5 கிளம்பி 16 திரும்புவது. முதல் நாள் சூ ஃபால்ஸ். இரண்டாம் நாள் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு மாலையே மவுண்ட் ரஷ்மோர். மூன்றாம் நாள் கஸ்டர் ஸ்டேட் பார்க். நான்காம் நாள் டெவில்ஸ் டவர் பார்த்து அப்படியே கோடி (Cody) ஊர். பிறகு மூன்று நாள் எல்லோஸ்டோன், ஒரு நாள் கிராண்ட் டீட்டன், மீதி நாளில் ஐ-80 வழியாக வீடு. எதை வெட்டலாம், எதைக் கூட்டலாம்?

மைல்கல்:
முதலில் தேதியை மாத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஆகஸ்ட் முதல் பாதியில்தான் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழா. 1938லிருந்து நடக்குது. லட்சக்கணக்கான பைக் வந்து இறங்கும். ரேபிட் சிட்டி, டெட்வுட், கஸ்டர், சன்டான்ஸ், ஜில்லெட் வரை அறை கிடைக்காது, கிடைச்சாலும் வழக்கமான வாடகையில் கிடைக்காது. டெவில்ஸ் டவர் பாதை முழுக்க பைக்தான். திருவிழாவுக்கு முந்தின வாரமே கூட்டம் சேர ஆரம்பிச்சிடும்.

பையனுக்குப் பள்ளி ஆகஸ்ட் நடுவுல திறக்கும், அதனால பின்னாடி தள்ள வழியில்லை. ஜூலை 10–25க்குள் முடிக்கிற மாதிரி பாருங்க. பேட்லாண்ட்ஸில் மதியம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும், ஆனா அதைக் காலை, மாலைன்னு பிரிச்சுச் சமாளிக்கலாம். அறை இல்லாததைச் சமாளிக்க முடியாது.

வடக்குவாசல்:
தேதிக்கு அடுத்த சிக்கல், மைலைப் பார்த்துத் திட்டம் போட்டிருப்பது. தெற்கு டகோட்டாவில் ஐ-90 வேக வரம்பு மணிக்கு 80 மைல். எல்லோஸ்டோனுக்குள் 45, காட்டெருமை சாலையில் நின்றால் பூஜ்யம். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் நான்காம் நாளே திட்டம் உடையும். டெவில்ஸ் டவரும் கோடியும் ஒரே நாளில் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் பிக்ஹார்ன் மலைத்தொடர் முழுசாக நிற்கிறது.

முதல் நாள் சூ ஃபால்ஸ் கிட்டத்தட்ட 570 மைல். பெரியவர்களை வைத்துக்கொண்டு கழிப்பறை நிறுத்தங்களோடு 11 மணி நேரம். அதற்குப் பதில் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் கிளம்பி லா கிராஸில் படுங்கள், சுமார் 280 மைல். மறுநாள் அங்கிருந்து சேம்பர்லின், சுமார் 435 மைல். இந்தத் தூரத்தில் இறங்க வேண்டிய இடங்கள் மூன்று. மின்னசோட்டா ப்ளூ எர்த்தில் 55 அடிப் பச்சை ராட்சசன் சிலை, பையனுக்காகப் பத்து நிமிடம். மிட்செலில் சோள அரண்மனை: 1892ல் தொடங்கிய வழக்கம், இப்போதுள்ள கட்டடம் 1921. வெளிச்சுவர் ஓவியங்கள் எல்லாம் பல நிறச் சோளக் கதிரை நெடுக்காகப் பிளந்து ஆணி அடித்தவை, ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். ஜூலையில் போனால் சுவரில் பாதி பழையது, பாதி வெறுமையாக இருக்க வாய்ப்புண்டு. சேம்பர்லின் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் 50 அடி உயரப் பழங்குடிப் பெண் சிலை, 'டிக்னிட்டி' என்று பெயர், 2016ல் நிறுவியது. பின்னணியில் மிசூரி ஆறு. மாலை வெளிச்சத்தில் பாருங்கள், கட்டணம் இல்லை.

சுக்குகாப்பி:
பேட்லாண்ட்ஸுக்கு எக்ஸிட் 131ல் இறங்கி 240ஆம் சாலை வழியா உள்ளே போய், எக்ஸிட் 110 வால் ஊரில் வெளியே வாங்க. அந்த 131லயே மினிட்மேன் ஏவுகணை வரலாற்றுத் தளத்தோட பார்வையாளர் மையம் இருக்கு. பனிப்போர் காலத்துல இந்தப் புல்வெளிக்கு அடியில அணு ஏவுகணைகள் புதைஞ்சு கிடந்தது. 1991ல் சோவியத்தோட போட்ட ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்துக்கப்புறம் எடுத்துட்டாங்க, இரண்டு இடத்தை மட்டும் காட்சிக்கு வச்சிருக்காங்க. எக்ஸிட் 127ல் டெல்டா-01 கட்டுப்பாட்டு அறை: ஒரு தடவைக்கு 6 பேர், முன்பதிவு கட்டாயம், குறைஞ்ச வயசு 6. லிஃப்ட் நின்னுட்டா 15 அடி ஏணி இரண்டைத் தானா ஏற முடியணும்னு விதி. அப்பா அம்மாவுக்கு அது வேண்டாம். எக்ஸிட் 116ல் டெல்டா-09, ஏவுகணைக் குழியை மேலே கண்ணாடி வழியா எட்டிப் பார்க்கலாம். முன்பதிவு தேவையில்லை.

பேட்லாண்ட்ஸ் உள்ளே பெரியவர்களுக்கு டோர் பாதையோட பலகை நடைபாதையும், ஃபாசில் எக்ஸிபிட் பாதையும் போதும். நாட்ச் பாதையில் மரக்கட்டை ஏணி, அதுக்கப்புறம் விளிம்பு ஓரம் நடக்கணும். பையனை மட்டும் கூட்டிட்டு ஒருத்தர் போகலாம். மழை பெய்ஞ்சா அந்தப் பக்கமே போகாதீங்க. அந்த மண் காய்ஞ்சிருக்கிறப்போ சோளப்பொரி மாதிரி மொறுமொறுன்னு நிக்கும், நனைஞ்சா சோப்பு. வருஷத்துக்கு ஒரு அங்குலம் கரையுற பாறை, செருப்புல பிடிப்பு எங்க இருக்கும்?

கருப்பட்டி:
சேஜ் கிரீக் ரிம் சாலையைச் சேர்க்கணும். காட்டெருமை, புல்வெளி நாய் (வளையில வாழுற அணில் ஜாதி) எல்லாம் அங்கதான். அது சரளைச் சாலை. வாடகை வண்டின்னா ஒப்பந்தத்துல சரளைச் சாலை விலக்கு இருக்கான்னு படிங்க, கண்ணாடில கல் அடிச்சா காப்பீடு கை விரிக்கும். சொந்த வண்டின்னா 25 மைல் வேகத்துல போங்க, போதும்.

வால் டிரக் (Wall Drug) கடையை 'சுற்றுலாப் பொறி'ன்னு திட்டுவாங்க. திட்டு நியாயம்தான், ஆனாலும் நிறுத்துங்க. 1931ல் வாங்கின சின்ன மருந்துக்கடை, வியாபாரமே இல்லாம ஈ ஓட்டினது. 1936ல் 'இலவச ஐஸ் தண்ணி'ன்னு சாலையோரம் பலகை வச்சதும் பிச்சுக்கிட்டுப் போச்சு. பலகைகள் நூறு மைலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். தண்ணி இன்னும் இலவசம், காப்பி 5 சென்ட். குடிதண்ணி கேனை அங்கேயே நிரப்பிக்கலாம்.

மைல்கல்:
பிளாக் ஹில்ஸுக்கு (ரஷ்மோர், கஸ்டர் இருக்கிற மலைப்பகுதி) முழுசா இரண்டு நாள். வரிசை முக்கியம். ரஷ்மோர் மலையில செதுக்கின அதிபர் முகங்கள் தென்கிழக்கு பார்த்து இருக்கு, காலை வெயில்தான் சரி. மாலையில் போனா முகத்துல நிழல் விழும். ராத்திரி விளக்கேத்துற நிகழ்ச்சி வேணும்னா அது தனி.

அயர்ன் மவுண்டன் சாலை (யுஎஸ் 16ஏ) 17 மைல், 314 வளைவு. மூணு சுரங்க வாசல், அதுக்குள்ள ரஷ்மோர் முகங்கள் சட்டம் போட்ட படம் மாதிரி தெரியும். இது கஸ்டர் பக்கத்துலேர்ந்து வடக்கே ரஷ்மோரை நோக்கி வந்தாத்தான் தெரியும். எதிர்த்திசையில போனா பின்கண்ணாடியிலதான் பார்க்கணும். நிறைய பேர் ரேபிட் சிட்டிலேர்ந்து நேரா இறங்கி இதைக் கோட்டை விடுறாங்க.

நீடில்ஸ் சாலை (87): நீடில்ஸ் ஐ சுரங்கம் 8 அடி அகலம், 9 அடி 9 அங்குலம் உயரம். மினிவேன் உடம்பு ஆறரை அடிக்குக் கிட்ட வரும், பக்கக் கண்ணாடியை விரிச்சா அதுக்கும் மேல. கண்ணாடியை மடக்கிட்டு, ஒருத்தர் முன்னாடி இறங்கி எதிர்ல வண்டி வரலைன்னு பார்த்துச் சொல்ல, நேரா போங்க. ரூஃப் பாக்ஸ் உயரத்துக்குப் பிரச்சினை இல்லை. பைக் ரேக் கூரை மேல இருந்தா டேப் வச்சு அளந்துடுங்க.

கஸ்டர் பார்க்குக்குள்ள வைல்ட்லைஃப் லூப் சாலை 18 மைல். காலை 8 மணிக்கு முன்னாடி, இல்ல மாலை 6க்கு மேல.

பாறைப்பூ:
ரஷ்மோரைப் பற்றி எல்லோரும் வெளிச்சக் கோணம் பேசுகிறீர்கள். அந்த மலை யாருடையது என்பதையும் தெரிந்துகொண்டு போனால் மற்ற இடங்கள் புரியும். 1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தப்படி பிளாக் ஹில்ஸ் லக்கோட்டா மக்களுக்கு. தங்கம் கிடைத்ததும் ஒப்பந்தம் காற்றில் போனது. 1980ல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதமாக எடுக்கப்பட்டது என்று இழப்பீட்டை உறுதி செய்தது. லக்கோட்டா உள்ளிட்ட சூ இனத்தார் பணத்தைத் தொடவில்லை, நிலத்தைத்தான் கேட்கிறார்கள். 1927 முதல் 1941 வரை அதே மலையில் நான்கு அதிபர்களின் 60 அடி முகங்களைச் செதுக்கினார்கள், பெரும்பகுதி வேலை டைனமைட் செய்தது.

பக்கத்திலேயே கிரேஸி ஹார்ஸ் சிலை, 1948ல் தொடங்கி இன்னும் முடியவில்லை. முகம் மட்டும் 1998ல் முடிந்தது, 87 அடிக்கு மேல். அரசுப் பணம் வாங்குவதில்லை, அதனால் நுழைவுக் கட்டணம் அதிகம். லக்கோட்டாக்களிலேயே அதை விரும்பாதவர்கள் உண்டு. மலையைக் குடைந்து மரியாதை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. என் கணிப்பில் ரஷ்மோருக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். மிச்சப்படும் நேரத்தை லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துக்குக் கொடுங்கள்.

1876 ஜூன் 25, 26ல் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் ஏழாம் குதிரைப்படையை லக்கோட்டா, ஷையான், அரபாஹோ வீரர்கள் முறியடித்த இடம். படைவீரர்கள் விழுந்த இடத்தில் வெள்ளைக் கல், பழங்குடி வீரர்கள் விழுந்த இடத்தில் சிவப்புக் கல். சிவப்புக் கற்கள் 1999க்குப் பிறகுதான் வரத் தொடங்கின. அதுவரை போரில் ஒரு தரப்புக்குத்தான் அடையாளம் இருந்தது. தளத்தின் பெயரே 1991 வரை கஸ்டர் பெயரில்தான். ரீனோ குன்று வரை காரிலேயே போகும் நாலரை மைல் சாலை இருப்பதால் முதியவர்களுக்கும் கஷ்டமில்லை.

டெவில்ஸ் டவர் என்ற பாறைக் கோபுரம் 1906ல் அறிவிக்கப்பட்ட முதல் தேசிய நினைவுச்சின்னம், அடியிலிருந்து உச்சிக்கு 867 அடி. சுற்றிவர 1.3 மைல் தார்ப்பாதை. தொடக்கத்தில் ஒரு ஏற்றம் உண்டு, அதைத் தாண்டினால் சுலபம். மரங்களில் கட்டியிருக்கும் வண்ணத் துணிகள் வேண்டுதல் முடிச்சுகள். நம் ஊர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறோமே, அந்த மாதிரி. தொடாதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

தென்றல்84:
ஜூலை என்று முடிவு செய்துவிட்டோம். லிட்டில் பிக்ஹார்ன் போனால் கோடி வழி விடுபடுமே? ஷெரிடனிலிருந்து எது நல்லது?

வடக்குவாசல்:
இரண்டு வழி. ஒன்று, ஷெரிடனுக்கு வடக்கே யுஎஸ் 14 ஏறி, மலை மேல் 14ஏ பிரிந்து லவல் வழியாகக் கோடி. சுமார் 150 மைல், மூன்றரை மணி நேரம் சுத்த ஓட்டம். 14ஏ மேற்கே இறங்கும் இடம் 10 சதவீதச் சரிவு. வழியில் மெடிசின் வீல்: சுமார் 80 அடி விட்டத்தில் கல் சக்கரம், 28 ஆரம், கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒன்றரை மைல் நடை. கோடி அருகே ஹார்ட் மவுண்டன், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அடைத்து வைத்த முகாம். அந்த அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கத் தகும்.

இன்னொன்று, லிட்டில் பிக்ஹார்ன், பில்லிங்ஸ், ரெட் லாட்ஜ், பேர்டூத் நெடுஞ்சாலை (யுஎஸ் 212), எல்லோஸ்டோன் வடகிழக்கு வாசல். பேர்டூத் கணவாய் 10,947 அடி. ஜூலையிலும் சாலையோரம் பனி கிடக்கும். உள்ளே நுழைந்தவுடன் லமார் பள்ளத்தாக்கு, காட்டெருமைக் கூட்டம்.

ரெட் லாட்ஜில் படுத்துவிட்டுக் காலையில் பேர்டூத் ஏறுங்கள். ஷெரிடனிலிருந்து ஒரே நாளில் கார்டினர் (எல்லோஸ்டோன் வடக்கு வாசல் ஊர்) போகலாம் என்று மேப் காட்டும், நம்பாதீர்கள். பிற்பகலில் உச்சியில் இடி மின்னல் வரும், ஒதுங்க இடம் கிடையாது.

பாறைப்பூ:
பெரியவர்களுக்கு இருதயம், மூச்சு சம்பந்தமான மருந்து ஓடுகிறது என்றால் பேர்டூத்துக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். உச்சியில் கால் மணி நேரம் நிற்பதை விட, எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் உடம்பைப் படுத்தும். கார்டினர் 5,300 அடி. பூங்காவுக்குள் கேன்யன் விடுதி கிட்டத்தட்ட 7,900 அடி. முதல் இரண்டு இரவு கார்டினர், பிறகு வெஸ்ட் எல்லோஸ்டோன் (6,667 அடி) என்று படிப்படியாகப் போங்கள்.

கருப்பட்டி:
வண்டி விஷயம் யாரும் சொல்லலை.

தெற்கு டகோட்டா மேற்குப் பகுதி, வயோமிங், மொன்டானா பெட்ரோல் பங்குகளில் 'ரெகுலர்'னு போட்டிருக்கிறது பல இடத்துல 85 ஆக்டேன். பழைய கார்புரேட்டர் என்ஜின் காலத்துல உயரமான ஊருக்கு அது சரி. இப்போதைய வண்டி கையேடு 87 கேக்கும். விலை பார்த்து முதல் பொத்தானை அழுத்தாதீங்க, நடு பொத்தானை அழுத்துங்க.

இறக்கத்துல பிரேக் மேல கால் வச்சுக்கிட்டே வரக்கூடாது. தட்டு சூடேறிக் கருகல் வாசனை வரும், அப்புறம் பிரேக் மெத்துன்னு உள்ள போகும், பிடிக்காது. கியரை எல், எஸ் இல்ல 2ல் போடுங்க. ஹைப்ரிட்னா பி. என்ஜின் சத்தம் ஏறும், அது கெடுதல் இல்லை. வேகம் கூடுறப்போ ஒரு தடவை அழுத்தமா பிரேக் பிடிச்சு முழுசா விடுங்க.

காலையில டயர் எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா பதறாதீங்க. 10 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்தா ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். மதியம் 95ல் பேட்லாண்ட்ஸ், விடியக்காலை 40ல் எல்லோஸ்டோன்னா 5 பிஎஸ்ஐ போச்சு. வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி, குளிர்ந்த டயர்ல, கதவு ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுக்கு நிரப்புங்க. அதுக்கு ஒரு 12 வோல்ட் பம்ப் போதும்.

ரூஃப் பாக்ஸோட 80 மைலில் போனா, தெற்கு டகோட்டா எதிர்காத்துல பெட்ரோல் தண்ணியாப் போகும். 70ல் போங்க. அரை டேங்க் வந்தா நிரப்பிடுங்க.

சுக்குகாப்பி:
சாப்பாடு. மோட்டலில் சமைக்க எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் ஒண்ணு போதும். ஆனா காரில் இன்வெர்ட்டர் வச்சு ஓட்டலாம்னு நினைக்காதீங்க. சிகரெட் லைட்டர் துளைக்கு 15 ஆம்ப் ஃபியூஸ் இருந்தா 180 வாட்தான். மூணு குவார்ட் குக்கரே 700 வாட் இழுக்கும், அதாவது 60 ஆம்புக்கு மேல. ஃபியூஸ் போகும், கூடவே போன் சார்ஜும் போகும்.

உயரத்துல தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும், 7,300 அடியில 93 டிகிரி செல்சியஸ்தான். சாதாரண ரைஸ் குக்கர்ல சோறு நறுக்கரிசியா நிக்கும், பருப்பு வேகவே வேகாது. அரை கப் தண்ணி கூட வச்சு பிரஷர்ல வைங்க.

அறையில தாளிக்காதீங்க. கடுகு வெடிக்கிறதுக்கு முன்னாடி புகை அலாரம் வெடிக்கும். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி வீட்டிலேயே செஞ்சு எடுத்துட்டுப் போங்க. தயிர், அரிசி, காய்க்கு ரேபிட் சிட்டி, பில்லிங்ஸ் இரண்டு ஊர்லயும் பெரிய கடைகள் இருக்கு. அதைத் தாண்டிட்டா விலையும் ஏறும், வகையும் குறையும்.

எல்லோஸ்டோன்ல கூலரை மேஜை மேல வச்சுட்டு அந்தண்ட போகக்கூடாது. கரடி வரும், அபராதமும் வரும். சாப்பிட்டு முடிச்சதும் வண்டிக்குள்ள வச்சுப் பூட்டிடணும்.

வடக்குவாசல்:
எல்லோஸ்டோன் மூன்று நாள் சரி. எட்டு வடிவ வட்டச்சாலை 142 மைல். ஒரே நாளில் சுற்றினால் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள்.

முதல் நாள்: வடகிழக்கு வாசல், லமார், மாமத், கார்டினர். இரண்டாம் நாள்: டன்ரேவன் கணவாய், கேன்யன், நோரிஸ், அங்கிருந்து வெஸ்ட் எல்லோஸ்டோன் போய்ப் படுக்கை. கேன்யனில் ஆர்ட்டிஸ்ட் பாயின்ட் சிறு நடை, 308 அடி அருவி நேரே தெரியும். அருவி விளிம்புக்கு இறங்கும் பாதை 600 அடி இறக்கம், பெரியவர்களுக்கு வேண்டாம். மூன்றாம் நாள்: ஓல்ட் ஃபெய்த்ஃபுல், கெய்சர் (வெந்நீர் பீச்சும் ஊற்று) பகுதிகள்.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற பல நிற வெந்நீர் ஊற்றை விடியற்காலையில் பார்க்கப் போகிறவர்கள் வெறும் ஆவியைப் பார்த்துத் திரும்புகிறார்கள். குளிர்காற்றில் ஆவி அடர்த்தி, நிறமே தெரியாது. காலை 10 முதல் 5 வரை கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஜூலையில் சூரியன் மறைய 9 மணி ஆகும் என்பதால் மாலை ஐந்தரைக்கு ஃபெய்ரி ஃபால்ஸ் நிறுத்துமிடம் போங்கள். அங்கிருந்து மேட்டுக்காட்சிக்கு 0.6 மைல் ஏற்றம். அப்பா அம்மாவைக் கீழே மிட்வே பலகைப் பாதையில் விடலாம்.

காட்டெருமைக்கு 25 கெஜம், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம். பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூடக் கூடாது. மேலே ஓடு மாதிரி மண், கீழே கொதிநீர், உயிர் போயிருக்கிறது. பையன் கையைப் பிடித்தபடியே நடக்கவும். போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, தேசியப் பூங்கா செயலியில் எல்லோஸ்டோனை முன்பே இறக்கி வையுங்கள்.

பாறைப்பூ:
கட்டணம்: பேட்லாண்ட்ஸ் 30, டெவில்ஸ் டவர் 25, லிட்டில் பிக்ஹார்ன் 25, எல்லோஸ்டோன் 35, டீட்டன் 35 டாலர், மொத்தம் 150. ஆண்டு பாஸ் 80 டாலர். ரஷ்மோர் வண்டி நிறுத்தக் கட்டணம் 10 டாலரும் கஸ்டர் ஸ்டேட் பார்க் கட்டணமும் பாஸில் அடங்காது. 2026 முதல் அந்த 80 டாலர் விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்கு 250. எல்லோஸ்டோன், டீட்டன் உட்பட 11 பூங்காக்களில் பாஸ் இல்லாத வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருப்பதால், பூங்காவின் பக்கத்தில் விதியைப் படித்துவிட்டு அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைல்கல்:
திரும்புற வழி ஐ-80 நேரா பிடிச்சா வயோமிங் தெற்குப் பக்கம் சலிப்பு. டீட்டன்லேர்ந்து டோக்வட்டீ கணவாய், டுபாய்ஸ், லேண்டர், இன்டிபென்டன்ஸ் ராக், காஸ்பர்னு வாங்க. அந்த இன்டிபென்டன்ஸ் ராக் பாறையில, மேற்கே குடியேற ஆரிகன் பாதையில போனவங்க செதுக்கின பேரு இன்னும் இருக்கு. அடுத்த நாள் கெர்ன்சியில் வண்டித்தடம்: மாட்டுவண்டிச் சக்கரம் மணற்கல்லை ஐந்தடி ஆழம் வரைக்கும் அறுத்திருக்கு. பிறகு ஃபோர்ட் லாரமி (பாறைப்பூ சொன்ன ஒப்பந்தம் இந்தப் பேர்லதான்), ஸ்காட்ஸ் பிளஃப், சிம்னி ராக். அலையன்ஸ் ஊர்ல கார்ஹெஞ்ச், 1987ல் பழைய கார்களைச் சாம்பல் வண்ணம் அடிச்சு ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி நட்டு வச்சது. கட்டணம் இல்லை, ஒரு மணி நேரச் சுத்து. நேரம் போச்சுன்னா முதல்ல வெட்ட வேண்டியது அதுதான்.

தென்றல்84:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் லீவு கூட்டிவிட்டேன். வெள்ளி இரவு லா கிராஸ், சேம்பர்லின், வால், கஸ்டர் இரண்டு இரவு, ஷெரிடன், ரெட் லாட்ஜ், கார்டினர் இரண்டு, வெஸ்ட் எல்லோஸ்டோன் இரண்டு, டீட்டன் பக்கம் ஒன்று, காஸ்பர், கியர்னி, டெ மாய்ன், வீடு. சேம்பர்லினிலிருந்து காலை 8க்குக் கிளம்பி டெல்டா-01க்கு 10 மணி டிக்கெட் போடலாமா? நானும் பையனும் மட்டும்.

சுக்குகாப்பி:
போடலாம். டிக்கெட் நேரம் மலை நேர மண்டலம் (Mountain Time), சேம்பர்லின் மத்திய நேர மண்டலம் (Central Time). மர்டோ தாண்டினதும் கடிகாரம் ஒரு மணி பின்னால போகும், அதனால 8க்குக் கிளம்பினா 9 மணிக்கு முன்னாடியே அங்க இருப்பீங்க. அந்த நேரத்துல நாலு பேரும் டெல்டா-09 பார்த்துட்டு 127க்குத் திரும்பி வந்துடலாம். குழந்தைக்கு உயரக் கட்டுப்பாடும் உண்டு, 40 அங்குலம்.

மைல்கல்:
காரில் அஞ்சு பேருங்க. அறை போடறப்பவும் அஞ்சுன்னே போடுங்க, பழைய மோட்டல்ல நாலு பேருக்கு மேல ஒரே அறை தரமாட்டாங்க. முதல்ல கார்டினர், வெஸ்ட் எல்லோஸ்டோன், டீட்டன் மூணையும் ரத்து செய்யக்கூடிய வாடகையில இன்னிக்கே போடுங்க. கஸ்டரும் ரெட் லாட்ஜும் அடுத்து. சேம்பர்லின், காஸ்பர், கியர்னி எல்லாம் இரண்டு வாரம் முன்னாடி பார்த்தாலே கிடைக்கும்.